பச்சைச் சாதாளை

செம்பாட்டு மண் சீலையில் பட்டால் லேசில் போகாது. கத்தரீனா இரண்டு வருசமாக அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டாள். சவர்க்காரம் தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே போகாத மண், அரைக் கட்டிக்குச் சங்கக்கடையில் அரைநாள் நிற்கிற இந்தக் காலத்திலா போகப்போகிறது? குருநகரில் இருந்தபோது சீலையில் மீன்செதில் ஒட்டும், உப்பு ஒட்டும். உதறினால் போய்விடும். இந்த உடுவில் ஊர் மண் அப்படியில்லை. குதிக்கால் வெடிப்புக்குள் போய் இருந்துகொண்டு கோயிலுக்குப் போகும்போதுகூடக் கூடவே வரும்.

தொண்ணூறாம் ஆண்டு குண்டுவீச்சுக்குத் தப்பிக் குருநகரை விட்டு ஓடிவந்தவர்கள் அவர்கள். கத்தரீனா, புருசன் கனிசியஸ், ஒரே மகள் யசிந்தா. முதலில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பாய் விரித்துக் கிடந்தார்கள். ஒரு அறைக்குள் எத்தனை குடும்பம் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். ஒரு கக்கூசுக்கு ஊரே வரிசையில் நின்றது. வயிற்றோட்டம் வந்தது. பக்கத்துப் பாயில் கிடந்த பிள்ளை செத்துப்போனது. யசிந்தா செத்துப் பிழைத்தாள். அந்த அறையின் மணம் இன்றைக்கும் கத்தரீனாவின் கனவில் வரும். எழும்பி இருந்து மகளின் வயிற்றைத் தடவிப் பார்ப்பாள்.

அங்கிருந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் தில்லைநாதன். தோட்டக்காரர். மகன்மார் இரண்டு பேரும் கனடாவில். வீட்டில் அவரும் மனைவி அருமைநாயகியும் மட்டும்தான். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கிற மிசின் துருப்பிடித்துப்போக, மிசின் கொட்டில் சும்மா கிடந்தது. "அதுக்குள்ளை இருங்கோ, தோட்டவேலைக்கு ஒத்தாசையாயும் இருக்கும்" என்றார். அருமைநாயகி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"வளவுக்குள்ளை மீன் காய்ச்சக்கூடாது. நாங்கள் சைவம். மணமும் வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."

கத்தரீனா அந்த வாக்கை இரண்டு வருசமாகக் காப்பாற்றினாள். கருவாட்டு ஆசை பொறுக்க முடியாமல் போனால் தாவடியில் இருந்த சிநேகிதி லூர்த்தம்மா வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல வருவாள்.

கனிசியசின் பாடுதான் பெரும்பாடு. பிறந்த நாள் தொடக்கம் கடலில் நின்றவன். மண்வெட்டியை முதன்முதல் பிடித்தபோது துடுப்புத் தண்டு வலிக்கிற மாதிரித்தான் பிடித்தான். அயல் தோட்டக்காரர் வேலியால் எட்டிப் பார்த்து, "கனிசியஸ், கரை தெரியுதோ?" என்று பகிடி பண்ணினார்கள். அவனும் சிரித்தான். உள்ளங்கை கிழிந்து, ஆறி, காய்த்து, இப்போது கொத்து நன்றாக வரும். ஆனால் எதையும் ஒருவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். கடலில் ஒருத்தரும் அவனுக்கு ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. அந்தக் குறை அவனுக்குள் கிடந்தது.

அந்த வருசம் மாரி ஏமாற்றிவிட்டது. ஐப்பசியில் நாலு பாட்டம் கொட்டியது. கார்த்திகை பாதியோடு வானம் வெளித்து, இனி இல்லை என்று கையை விரித்துவிட்டது. உருளைக்கிழங்கு ஊன்ற மண்ணைப் பதப்படுத்தத் தொடங்குகிற நேரம். அந்த நேரம் பார்த்துத் தில்லைநாதனுக்குக் குடலிறக்கம் முற்றிப் போனது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வெட்டியே ஆக வேண்டும் என்றார்கள்.

தம்பிராசாவின் மாட்டுவண்டிலில் வைக்கோலுக்கு மேல் பாய் விரித்து அவரைக் கிடத்தினார்கள். கிடந்தபடியே கனிசியசைக் கூப்பிட்டார்.

"கனிசியஸ், இஞ்சை கேளும். முதற்கொத்து ஆழமா இறங்க வேணும். ரண்டாங்கொத்திலை கட்டியளை உடையும். மூண்டாந்தரம் கையிலை அள்ளினா மண் சீனி மாதிரி உதிர வேணும். விளங்குதே?"

"ஓம் ஐயா."

"பேந்து கான் வெட்டிக் குழை தாழும். பூவரசு, கிளுவை, வேம்பு, எது கிடைக்குதோ அது. யூரியா எண்டு ஒரு சாமான் இனி எங்கடை கண்ணிலை படாது. குழையும் இல்லாட்டிக் கிழங்கு போளையளவிலைதான் விழும், பிள்ளையள் அடிச்சு விளையாடலாம்."

"நீங்கள் யோசியாமல் போட்டு வாங்கோ ஐயா."

"யோசியாமல் எப்பிடி இருக்கிறது? அறைக்குள்ளை கிடக்கிற ரண்டு சாக்கும் என்ரை உயிர் மாதிரி. தங்கச்சியின்ரை மோன் கிளாலிக் கடல் தாண்டிக் கொண்டந்தவன். சமையல் கிழங்கெண்டு சொல்லித்தான் ஆமியின்ரை தடை கடந்தது. இனி ஒரு விதைக்கிழங்கு இஞ்சாலை வராது. முளையும் விட்டிட்டுது. நான் வந்த கையோடை ஊண்ட வேணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கிணத்தடி மூலையிலை ஒரு பரப்பு உங்களுக்கு. அதிலை விளையிறது உங்கடை. நான் அதிலை கை வைக்கமாட்டன்."

வண்டில் போன பிறகும் கனிசியஸ் படலையடியில் நின்றான். "ஒரு பரப்பு எங்களுக்காம்" என்று கத்தரீனாவிடம் இரண்டுதரம் சொன்னான். அருமைநாயகியும் புருசனுக்குத் துணையாகப் போய்விட்டதால் வளவு வெறிச்சென்று கிடந்தது. முன்விறாந்தையில் விளக்கு ஏற்றுகிற பொறுப்பையும் கத்தரீனாவிடமே விட்டுப் போயிருந்தாள். "சாமிப்படத்துக்குக் கிட்டப் போகவேண்டாம், விறாந்தையிலை வைச்சாக் காணும்" என்றும் சொல்லத் தவறவில்லை.

கொத்து என்றால் சும்மா வேலையில்லை. விடிய எழும்பி, பழஞ்சோற்றுத் தண்ணீரில் ஒரு வெங்காயத்தைக் கடித்துக் குடித்துவிட்டு இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை நிமிரக்கூடாது. முழங்கால் ஆழத்துக்கு மேல் போனால் மண்வெட்டி 'டங்' என்று சுண்ணாம்புக்கல்லில் இடிக்கும். அதற்கு மேலே இருக்கிற அந்தக் கொஞ்ச மண்தான் முழு ஊருக்கும் சோறு போடுகிறது. கனிசியஸ் கொத்திப் புரட்ட, கத்தரீனா பின்னால் குந்தியிருந்து கட்டிகளைக் கைத்தடியால் தட்டி உடைத்தாள். கோரைக்கிழங்கைப் பொறுக்கிக் கடகத்தில் போட்டாள். மூன்றாம் கொத்து முடிந்த அன்று கனிசியஸ் ஒரு பிடி அள்ளி விரலிடுக்கால் ஒழுகவிட்டான். உண்மையாகவே சீனி மாதிரி உதிர்ந்தது. அவன் முகத்தில் ஒரு பெருமை.

பசளையாகப் புதைக்கிற குழையில்தான் வந்தது கரைச்சல். வேலிப் பூவரசெல்லாம் மொட்டையாக நின்றது. பங்கருக்கு மேல் மறைப்புக்கென்று வெட்டியது பாதி, இடம்பெயர்ந்த சனத்தின் ஆடுகள் தின்றது பாதி. வேப்பங்கொப்பு கேட்டுப் போன இடங்களில் "உங்களுக்கு முதலே மூண்டுபேர் வந்து கேட்டிட்டினம்" என்றார்கள். கிடைத்ததைத் தறித்து, வெட்டிய கானுக்குள் தாழ்த்துப் பார்த்தால் பள்ளத்தின் அடியைத்தான் மறைத்தது.

அன்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தான்.

"இஞ்சை பார் கத்தரீனா, எங்கடை வளவிலை நிண்ட தென்னையளுக்கு அப்பு என்ன போட்டவர்?"

"சாதாளை."

"எப்பிடிக் காய்ச்சது?"

"குலை தாங்காமல் முட்டுக்குடுத்து வைச்சனாங்கள். ஏன் இப்ப?"

"கடல் ஒதுக்கிற சாதாளை கரைமுழுக்க அழுகிக் கிடக்குது, ஒருத்தரும் அள்ளுறதில்லை. தம்பிராசா அண்ணை விறகேத்திக்கொண்டு ரவுணுக்குப் போறவர். வரேக்கை வெறுவண்டில்தானே. ரண்டுதரம் ஏத்தினாக் காணும்."

"ஐயாவைக் கேட்காமலோ?"

"ஆஸ்பத்திரியிலை கிடக்கிற மனிசனைப் போய் என்னத்தைக் கேட்கிறது? வந்து பாக்கட்டுமன். கனிசியசுக்கும் ஒரு விசயம் தெரியும் எண்டு பாக்கட்டுமன்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தென்னைக்குச் சாதாளை என்கிற அந்தக் கடற்புல்லைத் தாழ்த்தால் காய்க்கும்தான். கத்தரீனாவும் அதைக் கண்ணால் கண்டவள்தான். அதனால் தடுக்கவில்லை.

பாசையூர்க் கடற்கரைப் பக்கம் போய் வந்தவனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். சாரம் தொடைவரை நனைந்து, கால்மயிரில் உப்புப் பூத்திருந்தது.

"கடலுக்குள்ளை இறங்கினீங்களோ? மண்டைதீவிலை நேவி இருக்கிறான். சுட்டிருந்தா?"

"சுடேல்லைத்தானே."

"மேட்டிலை கிடக்கிறதை அள்ளாமல் உங்களுக்கென்ன விசரோ?"

"மேட்டிலை கிடந்தது காய்ஞ்சு வெளுத்துச் செத்துப்போச்சு. அதிலை என்ன சத்து? நான் தண்ணிக்குள்ளை நிண்டு பச்சையா வாரினன்." பிறகு குரலைத் தணித்துச் சொன்னான்: "ரண்டு வருசமடி. கால் நனைஞ்சு ரண்டு வருசம்."

அதற்குமேல் அவளால் ஏச முடியவில்லை. வண்டிலில் கரும்பச்சையாய், நாடா நாடாவாய், ஈரம் சொட்டிக்கொண்டு கிடந்த சாதாளையில் ஒரு கை அள்ளி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த மணம் அவளுக்குக் கண்ணீரை வரப்பண்ணியது. யசிந்தாவும் வந்து மணந்து பார்த்துவிட்டு, "எங்கடை வீடு மணக்குது" என்றாள்.

கனிசியஸ் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஒரு பாத்தி விடாமல் எல்லாக் கானிலும் குழைக்கு மேல் சாதாளையைப் படுக்கவைத்து மண்ணை இழுத்து மூடினான். தங்களுக்கென்ற ஒரு பரப்புக்கென்று கூடுதலாக அள்ளிப் போடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. இரண்டாம் வண்டிலும் வந்து அதுவும் மண்ணுக்குள் போனது. கெதியாக அழுகட்டும் என்று அவன் துலாவில் இறைக்க, அவள் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினாள். இரவில் அவன் நல்ல நித்திரை கொண்டான். பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து அப்படி நித்திரை கொண்டதை அவள் கண்டதில்லை.

தில்லைநாதன் நாளைக்கு வருகிறார் என்று தம்பிராசா வந்து சொல்லிப் போன பின்னேரம், பக்கத்துத் தோட்டத்துச் சோமசேகரம் வேலியடிக்கு வந்தார். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுச் சுருட்டோடு வருகிற மனிதர். கெட்டவர் இல்லை, யாருடைய சோலி சுரட்டுக்கும் போகாதவர்.

"தில்லையர் நாளைக்கு வாறாராம், என்ன? மண் வடிவாக் கொத்தியிருக்கிறியள், குறை சொல்லேலாது." கிடுகு வேலியில் காய்ந்து தொங்கிய ஒரு நாடாவைக் கண்டு கையில் எடுத்தார். "உதென்ன?"

"சாதாளை அண்ணை. குழை காணாமல் அவர் கடற்கரையிலை இருந்து கொண்டந்து தாட்டவர்."

"மழையிலை கிடந்ததோ?"

"இல்லை. பச்சை. தண்ணிக்குள்ளை நிண்டு வாரினது."

சோமசேகரம் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். வேலிக்கு மேலால் எட்டித் தோட்டத்தைப் பார்த்தார்.

"எல்லாப் பாத்திக்குமோ?"

"ஓம். ஏன் அண்ணை?"

"பிள்ளை, எங்கடை ஆக்களும் சாதாளை போட்டவைதான். ஆனா அது ஒரு மாரி முழுக்க மேட்டிலை கிடந்து நனைஞ்சு, வெளுத்து, நாக்கிலை வைச்சா உப்பில்லை எண்டு கண்டாப் பிறகுதான் வண்டிலிலை ஏத்திறது. பச்சையாப் போட்டா உப்பையெல்லோ தாட்டமாதிரி."

"தென்னைக்கு அப்பிடியேதானே அண்ணை போட்டனாங்கள்."

"தென்னை உப்புக் குடிக்கும். கிழங்கு குடிக்குமே? முளை கருகிப்போகும்." கத்தரீனாவின் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். "தண்ணியும் விட்டனீங்களோ?"

அவள் தலையை ஆட்டினாள்.

"ஒண்டு சொல்லுறன், நான் சொன்னதெண்டு வெளியிலை விடாதை. பேசாமல் இருங்கோ. முளையாட்டி விதை பழுது எண்டு மனிசன் நினைச்சுக்கொள்ளும். கிளாலியிலை நனைஞ்சுகினைஞ்சு வந்த விதைதானே. ஆர் கண்டது? நானும் ஒண்டும் காணேல்லை."

அவர் போனதும் கத்தரீனா தோட்டத்துக்குள் இறங்கினாள். ஒரு பாத்தியில் விரலால் கிண்டி ஈரமண்ணை நாக்கில் வைத்தாள். அடுத்த பாத்தி. அதற்கடுத்தது. கடைசியில் கிணற்றடி மூலை. உப்பைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒருவரும் பழக்கித்தர வேண்டியதில்லை. வாய்க்காலுக்குள் அப்படியே குந்திவிட்டாள்.

கனிசியஸ் முதலில் நம்பவில்லை.

"அவருக்கென்ன தெரியும்? எங்கடை அப்பு..."

"அப்பு தென்னைக்குப் போட்டவர். அப்பு கிழங்கு நட்டவரோ? இந்தாங்கோ, வாயிலை வைச்சுப் பாருங்கோ."

அவன் வைத்துப் பார்த்தான். துப்பவில்லை. விழுங்கிவிட்டான்.

கொட்டிலுக்குள் யசிந்தா படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காமல் கிணற்றடியில் நின்று கதைத்தார்கள்.

"சோமசேகரத்தார் பேசாமல் இருக்கட்டாம்" என்றாள். "விதை பழுது எண்டு நினைப்பாராம்."

"நீ என்ன சொல்லுறாய்?"

"எனக்குத் தெரியேல்லை. சொன்னா நாளைக்கே மூட்டையைக் கட்ட வேணும். அருமைநாயகி அம்மா ஒரு நிமிசம் வைச்சிருக்கமாட்டா. பேந்து அந்தப் பள்ளிக்கூடம்தான். உங்களுக்கு மறந்து போச்சோ? எனக்கு மறக்கேல்லை. இவளை நான் திரும்ப அந்தப் பாயிலை கிடத்தமாட்டன்."

"அப்ப பேசாமல் இருப்பம்."

"பேசாமல் இருந்தா அந்த மனிசன் ரண்டு சாக்கையும் கொண்டந்து ஊண்டும். வெட்டின வயித்தோடை குனிஞ்சு ஊண்டும். நாங்களும் பக்கத்திலை நிண்டு எடுத்துக் குடுக்க வேணும். உங்களாலை ஏலுமோ?"

அவன் துலாக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கரையிலை நிண்டு வெளுத்ததை அள்ளியிருந்தா ஒண்டும் இல்லை" என்றான் கடைசியில். "நான் தண்ணியைக் கண்டாப் பிறகு நிதானத்திலை இருக்கேல்லை, கத்தரீனா."

"எனக்குத் தெரியும். நானும்தானே மணந்து மணந்து பாத்தனான்."

விடியமுன் எழும்பிக் கிண்டத் தொடங்கினார்கள். வெளியே எடுத்துவிட்டால் பாதியாவது தப்பும் என்று ஒரு நப்பாசை. சாதாளை அரைகுறையாக அழுகி வழுவழுவென்று விரலில் அறுந்தது. ஒரு பாத்தியைச் சுத்தமாக்க வெயில் ஏறிவிட்டது. எடுத்து முடித்த கானின் மண்ணைக் கனிசியஸ் நாக்கில் வைத்தான். அதே உப்பு. விட்ட தண்ணீர் எப்போதோ உப்பைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விட்டது. அவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். அந்த நேரம்தான் படலையடியில் வண்டில் சத்தம் கேட்டது.

தம்பிராசாவும் அருமைநாயகியும் தாங்கித் தில்லைநாதனை இறக்கினார்கள். மனிதர் பாதியாகப் போயிருந்தார். அருமைநாயகி நிலத்தில் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"வண்டிலிலையும் உந்த மணம்தான். வழிமுழுக்கப் பொத்திக்கொண்டு வந்தன். இஞ்சை வளவுக்குள்ளையும் அதுதான் மணக்குது." கத்தரீனாவை நேரே பார்த்தாள். "நாங்கள் இல்லையெண்டு மீன் காய்ச்சினியள், என்ன? ஒரு வாக்குத்தானே கேட்டனான். அதையும் காப்பாத்த ஏலாமல் போச்சோ?"

கத்தரீனாவுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. இரண்டு வருசம் ஒரு நெத்தலித்தலையைக்கூட அந்த அடுப்பில் வைக்காதவள் அவள். செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் அவளுக்குத் தாங்காது. செய்த குற்றம் தொண்டைவரை வந்து நின்றது.

"மீனில்லை அம்மா. அந்தோனியார் அறிய நான் மீன் காய்ச்சேல்லை. இது சாதாளை. குழை காணேல்லை எண்டு இவர் கடலிலை இருந்து பச்சைச் சாதாளை கொண்டந்து எல்லாப் பாத்திக்கும் தாட்டுப்போட்டார். நானும் சேந்துதான் தாட்டனான். மண் உப்பாப் போச்சு ஐயா. விதையை அதிலை ஊண்டாதையுங்கோ."

தம்பிராசா மாட்டை அவிழ்க்கிற சாட்டில் அப்பால் போய்விட்டார்.

தில்லைநாதன் வீட்டுக்குள் போகவில்லை. வயிற்றைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துத் தோட்டத்துக்குப் போனார். குனிய ஏலாது. கனிசியஸ் ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்தான். அவர் நாக்கில் வைத்தார். பிறகு இன்னொரு பாத்தியைக் கையால் காட்டினார். அதிலும் எடுத்துக் கொடுத்தான்.

"தண்ணி விட்டனீரோ?"

"ஓம் ஐயா."

"எவ்வளவு?"

"ஊற ஊற விட்டனாங்கள்."

தில்லைநாதன் கண்ணை மூடித் திறந்தார்.

"நான் கழுவித்தாறன் ஐயா" என்றான் கனிசியஸ். "ராப்பகலாத் துலாவிலை இறைச்சு உப்புப் போகும்மட்டும் விடுறன். நான் ஒருத்தனே செய்வன்."

"கழுவினா உப்பு எங்கை போகும் எண்டு நினைக்கிறீர்? கீழை கல். கல்லுக்குள்ளாலை நேரே கிணத்துக்குத்தான் போகும். பேந்து குடிக்கத் தண்ணியும் இல்லை."

"அப்பவே சொன்னனான்" என்றாள் அருமைநாயகி பின்னால் நின்று. குரல் உடைந்திருந்தது. "கடல்வேலை செய்த ஆக்களுக்குத் தோட்டம் விளங்காது எண்டு தலைதலையா அடிச்சனான். கேட்டீங்களோ? நல்லது செய்யப்போய், கடைசியிலை..."

"நாங்கள் போறம் அம்மா" என்றான் கனிசியஸ்.

"போங்கோ. போனா மண் திரும்பி வருமோ?"

முளைவிட்ட கிழங்கு காத்திருக்காது. பின்னேரம் தில்லைநாதன் சோமசேகரத்தைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய தோட்டத்தில் வெங்காயம் போக மிச்ச நிலம் பதமாகக் கிடந்தது. விளைச்சலில் பாதிக்குப் பாதி என்று பேச்சு. சோமசேகரம் கத்தரீனாவின் பக்கம் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. இரண்டு சாக்கையும் கனிசியஸ்தான் முதுகில் சுமந்து வேலிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தான். தில்லைநாதன் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி அதைப் பார்த்தார். சாக்கு கண்ணுக்கு மறைந்ததும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர் மாதிரி இருந்தது அந்த முகம். கத்தரீனாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்த மனிதர் வாய்திறந்து ஏசிவிட்டால்கூட நல்லது என்று நினைத்தாள்.

கட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பாய், சட்டிபானை, மாதா படம், யசிந்தாவின் மாற்றுச் சட்டை. மகள் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளியால் வந்த உடுப்போடு கொட்டில் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், புத்தகங்களை மட்டும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கனிசியஸ் மூட்டையைத் தலையில் வைத்தான். சொல்லிவிட்டுப் போக வேண்டுமே என்று மூவரும் விறாந்தையடிக்கு வந்தார்கள்.

"நாங்கள் வாறம் ஐயா."

"எங்கை போறியள்?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான். வேறை எங்கை?"

"மண்ணை இப்பிடியே விட்டிட்டோ?"

தில்லைநாதனின் குரல் ஏறியது. வெட்டின இடம் வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"தாட்ட சாதாளையை நாடா நாடாப் பொறுக்கி வெளியிலை எடுக்க வேணும். அதை ஆர் எடுக்கிறது? வாற மாரிக்கு முன்னம் மேலை வரம்பு உயத்திக் கீழை வாய்க்கால் வெட்டி, வெள்ளம் உப்பைக் கழுவிக்கொண்டு நிலத்துக்குள்ளை இறங்காமல் ஒழுங்கைப் பக்கம் ஓடப்பண்ண வேணும். பேந்து சணல் விதைச்சு, அதைத் தாட்டு, அதுக்கும் மேலாலை இன்னொரு மாரி போக வேணும். ரண்டு வருசம் மாரடிச்சாத்தான் உது திரும்ப மண்ணாகும். எனக்கு வயிறு கிழிச்சுத் தைச்சுக் கிடக்கு. கனடாவிலை இருக்கிறவங்கள் வந்து செய்வாங்களோ? மண்ணைக் கெடுத்துப்போட்டு மூட்டையைத் தூக்கிறீர். உமக்கு வெட்கமா இல்லையே?"

"வெட்கமா இருக்கிறபடியால்தான் ஐயா போறன்."

"வெட்கத்தை வைச்சு என்னத்தைச் செய்யிறது? மூட்டையை இறக்கும்."

கனிசியஸ் இறக்கவில்லை. அவன் பார்வை அவரைத் தாண்டி, உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அருமைநாயகிக்குப் போனது. அவள் சொல்லாமல் இறக்கமாட்டான் என்பது கத்தரீனாவுக்குத் தெரிந்தது. கத்தரீனாவின் கை யசிந்தாவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

அருமைநாயகி இவர்களைப் பார்க்கவில்லை. சீலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு புருசனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எல்லாம் சரி. ரண்டு வருசம் எண்டு நீங்கள் பாட்டுக்குச் சொல்லுறியள். சோமசேகரத்தான் தாற பாதியிலை நாங்கள் அஞ்சு பேரும் என்னத்தைத் தின்னுறது?"

கத்தரீனா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அவர்கள் இரண்டு, தாங்கள் மூன்று. திரும்பவும் ஒருதரம் எண்ணினாள், அம்மா சொன்ன ஐந்துதான். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.